கலைக்க முடியாது, ஒழிக்கலாம்

(ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, நண்பர்களே, வணக்கம்.

எம்.எல்.ஏ.க்கள் உட்காரும் பேரவைக்கு மேல் இரண்டாவது சபையாக இருக்கும் சட்ட மேலவையைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். இந்த அரங்கில் இருக்கும் இளைஞர்கள் தமிழ்நாட்டில் அப்படி ஒரு சபையைப் பார்த்திருக்க வழியில்லை. 1986 நவம்பர் 1 அன்று அது இல்லாமல் போய்விட்டது. ஊர்ப் பக்கம் பழைய பள்ளிக்கூடக் கட்டடங்களில் திறப்புவிழாக் கல்வெட்டு இருக்கும். அதில் யாராவது ஒருவர் பெயருக்குப் பின்னால் எம்.எல்.சி. என்று போட்டிருந்தால், அவர் இந்தச் சபைக்காரர்.

இன்றைக்கு ஆறு மாநிலங்களில் மேலவை இருக்கிறது: உத்தரப் பிரதேசம், பீகார், மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா. மற்ற மாநிலங்கள் பேரவை ஒன்றை வைத்தே காலம் தள்ளுகின்றன. அரசியல் நிர்ணய சபையில் இதை எல்லோருக்கும் பொதுவாக முடிவு செய்யவில்லை. உங்கள் மாகாணத்துக்கு வேண்டுமா என்று அந்தந்த மாகாண உறுப்பினர்களையே கேட்டார்கள். சென்னை, பம்பாய், மேற்கு வங்கம், பீகார், ஐக்கிய மாகாணம், கிழக்குப் பஞ்சாப் வேண்டும் என்றன. ஒரிசா, அசாம், மத்திய மாகாணம் வேண்டாம் என்றன. அந்த மத்திய மாகாணப் பகுதியிலிருந்து உருவான மத்தியப் பிரதேசத்துக்கு 1956-ல் ஏழாவது திருத்தம் ஒரு மேலவையை எழுதி வைத்தது. அது எந்தத் தேதியிலிருந்து நடைமுறைக்கு வரும் என்ற அறிவிப்பு மட்டும் இன்று வரை வரவில்லை. அரசியல் சாசனத்தின் 168-வது பிரிவில் பெயர் உண்டு, போபாலில் சபை கிடையாது!

சரி, யார் யார் அதில் உட்காருகிறார்கள்? பேரவை உறுப்பினர் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மேலவை போகக் கூடாது, நாற்பதுக்குக் கீழேயும் இறங்கக் கூடாது. தெலங்கானா பேரவையில் 119 பேர், அதில் மூன்றில் ஒரு பங்கு நாற்பதைத் தொடவில்லை. இருந்தாலும் அங்கே மேலவைக்கு நாற்பது பேர். எல்லைக்கோட்டில் நிற்கும் மாநிலம் அது.

கர்நாடகத்தை எடுத்துக்கொண்டால் கணக்கு நன்றாகப் புரியும். அங்கே 75 பேர். உள்ளாட்சி உறுப்பினர்கள் 25 பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், எம்.எல்.ஏ.க்கள் இன்னொரு 25 பேரை. பட்டதாரிகள் 7, ஆசிரியர்கள் 7. மீதி 11 பேர் ஆளுநர் நியமனம். இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு இயக்கம், சமூக சேவை, இந்த ஐந்தில் சிறப்பறிவோ அனுபவமோ உள்ளவர்களை நியமிக்க வேண்டும் என்பது விதி. மாநிலங்களவை நியமனத்துக்கான பட்டியலில் கூட்டுறவு இல்லை, இங்கே இருக்கிறது. கிராமத்துக் கூட்டுறவுச் சங்கத்தை நடத்திப் பழகிய ஒருவருக்கும் ஒரு நாற்காலி இருக்கட்டும் என்று யாரோ அக்கறையாக நினைத்திருக்கிறார்கள். அந்த அக்கறையை ஆளுங்கட்சிகள் எவ்வளவு மதித்தன என்பது வேறு கதை.

உறுப்பினராக முப்பது வயது ஆகியிருக்க வேண்டும். பதவிக்காலம் ஆறு ஆண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவார்கள், புதியவர்கள் வருவார்கள். பேரவையைக் கலைப்பதுபோல் மேலவையைக் கலைக்க முடியாது, அது நிரந்தர சபை. இந்த 'நிரந்தரம்' என்பதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

பட்டதாரித் தொகுதி பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பட்டம் வாங்கி மூன்று ஆண்டு ஆகியிருந்தால், அந்தத் தொகுதியில் வசித்தால், நீங்கள் வாக்காளர். ஆனால் பெயர் தானாக வந்து சேராது. விண்ணப்பம் கொடுத்துப் பதிய வேண்டும். ஒவ்வொரு தேர்தலுக்கும் பட்டியலைப் புதிதாகத் தயாரிப்பதால், போன முறை பதிந்தவரும் மறுபடி பதிய வேண்டும். இப்படி இருந்தால் என்ன ஆகும்? எந்தக் கட்சிக்காரர் வீடு வீடாகப் படிவம் கொண்டுபோகிறாரோ அவருக்கு அனுகூலம். இன்னொரு வேடிக்கை, பட்டதாரித் தொகுதியில் நிற்பவர் பட்டதாரியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இது நம் ஊர் வழக்கிலேயே முடிவானது. சென்னை மாவட்டப் பட்டதாரித் தொகுதியில் வென்ற ஒருவருக்குப் பட்டம் இல்லை என்று வழக்கு போட்டார்கள். தேர்தல் செல்லாது என்றது உயர் நீதிமன்றம். 1972-ல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. வாக்காளருக்குத்தான் பட்டம் வேண்டும், வேட்பாளருக்கு வேண்டும் என்று சாசனம் எங்கேயும் சொல்லவில்லை என்றது. ஆசிரியர் தொகுதியிலும் இப்படி ஒரு ஓட்டை. உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத நிறுவனத்தில் மூன்று ஆண்டு பணிபுரிந்தவருக்குத்தான் வாக்கு. அ, ஆ சொல்லிக்கொடுக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு இல்லை. 1950-ல் இதற்குக் காரணம் இருந்திருக்கலாம். இன்றைக்கு இது எனக்கு அநியாயமாகத்தான் படுகிறது.

அதிகாரம் என்று பார்த்தால் ரொம்பக் குறைவு. பேரவை ஒரு மசோதாவை நிறைவேற்றி அனுப்பினால் மேலவை அதை மூன்று மாதம் வைத்திருக்கலாம், திருத்தலாம், வேண்டாம் என்றுகூடச் சொல்லலாம். பேரவை இரண்டாம் முறை நிறைவேற்றிவிட்டால் இன்னும் ஒரு மாதம்தான் அவகாசம். அதற்குப் பிறகு மேலவை சம்மதித்தாலும் இல்லாவிட்டாலும் மசோதா நிறைவேறியதாகவே கணக்கு. பண மசோதா என்றால் 14 நாள். துறைகளின் செலவுக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கைகள் மீது வாக்கெடுப்பு கிடையாது, பேசலாம், அவ்வளவுதான். அமைச்சரவை பதில் சொல்ல வேண்டியது பேரவைக்கு மட்டுமே. குடியரசுத் தலைவர் தேர்தலிலும் மாநிலங்களவைத் தேர்தலிலும் எம்.எல்.சி.க்கு வாக்கு இல்லை. டெல்லியில் இரண்டு அவைகளும் முரண்பட்டால் கூட்டுக் கூட்டம் என்று ஒரு வழி இருக்கிறது. மாநிலத்தில் அதுவும் இல்லை.

இதை வைத்துத்தான் 'இந்தச் சபை எதற்கு, வெட்டிச் செலவு' என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வேண்டுமென்றேதான் இதை இப்படி அமைத்தார்கள். மக்கள் நேராகத் தேர்ந்தெடுத்த சபையை நேராகத் தேர்ந்தெடுக்காத சபை மறிக்கக் கூடாது. ஆனால் அவசரப்பட்டுக் கொண்டுவந்த மசோதாவை நான்கு மாதம் ஊர் முழுக்கப் பேசவைக்கலாம். நான்கு மாதம் சின்ன விஷயம் இல்லை. ஒரே நாளில் தாக்கல் செய்து, அதே நாளில் விவாதம் என்று பெயர் பண்ணி, அன்றைக்கே குரல் வாக்கெடுப்பில் முடித்துவிடும் மசோதாக்களை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

மேலவையைக் கட்சிகள் வேறொன்றுக்குப் பயன்படுத்தின. தேர்தலில் நிற்காமல் முதலமைச்சர் ஆவதற்கு அது ஒரு பக்கவாட்டு வாசல். 1952-ல் சென்னை மாநிலத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. மந்திரிசபை அமைக்க ராஜாஜியை அழைத்தார்கள். அவர் தேர்தலில் நிற்கவே இல்லை. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவைக்கு நியமித்தார், அவரும் முதலமைச்சர் ஆனார். கம்யூனிஸ்ட் தலைவர் பி.ராமமூர்த்தி உயர் நீதிமன்றத்துக்குப் போனார், வழக்கு நிற்கவில்லை. 1967-ல் அண்ணா தென்சென்னையில் நின்று வென்றது நாடாளுமன்றத்துக்கு. முதலமைச்சரானதும் மேலவை வழியாகத்தான் சட்டமன்றத்துக்குள் வந்தார். நிதிஷ் குமாரும், முதல் ஐந்தாண்டு ஆட்சியில் யோகி ஆதித்யநாத்தும் எம்.எல்.சி.யாக இருந்தே முதலமைச்சர் பதவி வகித்தவர்கள். மகாராஷ்டிரத்தில் உத்தவ் தாக்கரே 2019 நவம்பரில் முதலமைச்சராகப் பதவியேற்றார். ஆறு மாதத்துக்குள் ஏதாவது ஒரு சபையில் உறுப்பினராக வேண்டும், அதற்குள் கொரோனா வந்து தேர்தல்கள் தள்ளிப்போயின. கெடு முடியப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது, 2020 மே மாதத்தில், போட்டியின்றி மேலவைக்குத் தேர்வானார்.

அதே மகாராஷ்டிர மேலவைதான் இரண்டு ஆண்டில் அவர் ஆட்சி கவிழவும் மேடை ஆனது. மாநிலங்களவைத் தேர்தலில் எம்.எல்.ஏ. தன் வாக்கைக் கட்சியின் முகவரிடம் காட்டிவிட்டுத்தான் போட வேண்டும். மேலவைத் தேர்தலில் ரகசிய வாக்கு. யார் யாருக்குப் போட்டார் என்று தெரியாது. 2022 ஜூன் 20 அன்று நடந்த மேலவைத் தேர்தலில் ஆளும் கூட்டணியின் வாக்குகள் எதிர்ப்பக்கம் நழுவின. அன்று ராத்திரியே உத்தவின் சொந்தக் கட்சிக்காரரான ஏக்நாத் ஷிண்டே எம்.எல்.ஏ.க்களோடு சூரத்துக்குக் கிளம்பிவிட்டார். பத்தே நாளில் அவர் முதலமைச்சர்.

நியமன இடங்களிலும் சண்டை குறைவில்லை. உத்தவ் அரசு 2020-ல் அனுப்பிய 12 பேர் பட்டியல் அந்த அரசு போகும் வரை ஆளுநர் மேசையிலேயே கிடந்தது. 2023-ல் தெலங்கானா அரசு பரிந்துரைத்த இரண்டு பேரை, கட்சி அரசியலில் இருப்பவர்கள் என்று காரணம் காட்டி, அங்கே ஆளுநராக இருந்த நம்மூர் தமிழிசை சௌந்தரராஜன் நிராகரித்தார். உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. இதில் இரண்டு பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் உண்டு என்பது என் எண்ணம். அமைச்சரவை சொன்னால் ஆளுநர் கேட்க வேண்டும் என்பது சரி. கட்சியில் டிக்கெட் கிடைக்காதவரை 'சமூக சேவகர்' என்று எழுதி அனுப்புவது எந்த ஊர் நியாயம்?

இப்போது அந்த 'நிரந்தரம்' விஷயத்துக்கு வருகிறேன். மேலவையைக் கலைக்க முடியாது. ஆனால் 169-வது பிரிவின்படி ஒழிக்கலாம். பேரவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், வந்திருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இருந்தால் தீர்மானம் நிறைவேறும். பிறகு நாடாளுமன்றம் ஒரு சாதாரணச் சட்டம் போட்டால் போதும். அதற்குச் சாசனத் திருத்தம் என்ற பெயர்கூடக் கிடையாது. ஒழிக்கப்படும் சபையின் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை. மேலவையின் வியாதிக்கு வேர் இதுதான் என்பேன். எந்தச் சபையைத் தட்டிக் கேட்க வேண்டுமோ அந்தச் சபையின் கையிலேயே உயிர் இருந்தால் எவன் தட்டிக் கேட்பான்?

தமிழ்நாட்டில் என்ன நடந்தது? 1986-ல் எம்.ஜி.ஆர். அரசு ஒரு திரைப்பட நடிகையை மேலவைக்கு நியமிக்கப் பரிந்துரைத்தது. அவர் மஞ்சக் கடுதாசி கொடுத்தவர் என்று பிரச்சினை கிளம்பியது. திவாலானவர் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருக்க முடியாது. கடைசியில் அவரே விலகிக்கொண்டார். அந்த மே மாதம் 14-ஆம் தேதி பேரவையில் மேலவையை ஒழிக்கும் தீர்மானம். நடிகை விவகாரம்தான் காரணம் என்று அன்றைக்கு ஊரே பேசியது. அது உடனடிக் காரணமாக இருக்கலாம். பக்கத்தில் இன்னும் இரண்டு சேதிகளை வைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் பெரும்பாலான நகராட்சிகளைத் தி.மு.க. பிடித்திருந்தது. மேலவையில் மூன்றில் ஒரு பங்கு உள்ளாட்சியிலிருந்து வருவது. கருணாநிதியும் அப்போது எம்.எல்.ஏ. இல்லை, எம்.எல்.சி. இவ்வளவும் கூடிவந்த நேரத்தில் ஒரு சபையே போய்விட்டது. ம.பொ.சி.தான் அதன் கடைசித் தலைவர். முன்பு எம்.ஜி.ஆரே அந்தச் சபையில் உறுப்பினராக இருந்தவர்.

அப்புறம் நடந்தது ஒரு ஊஞ்சலாட்டம். 1989-ல் தி.மு.க. வந்தது, மேலவை வேண்டும் என்று தீர்மானம். 1991-ல் அ.தி.மு.க., வேண்டாம் என்று தீர்மானம். 1996-ல் வேண்டும், 2001-ல் வேண்டாம். 2010-ல் மறுபடி வேண்டும். அந்த முறை நாடாளுமன்றமும் சட்டத்தை நிறைவேற்றிவிட்டது. 78 இடங்கள் என்று கணக்கும் போட்டாயிற்று. தேர்தல் நடப்பதற்குள் 2011-ல் ஆட்சி மாறியது. ஜூன் மாதம் ஜெயலலிதா அரசு வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. கதை அங்கேயே நிற்கிறது.

நாம் மட்டும் இல்லை. ஆந்திரத்தில் என்.டி.ராமராவ் 1985-ல் ஒழித்தார், அப்போது மேலவையில் காங்கிரஸ் பலமாக இருந்தது. 2007-ல் காங்கிரஸ் ஆட்சியில் சபை திரும்பி வந்தது. 2020 ஜனவரியில் ஜெகன் மோகன் ரெட்டி அரசு மூன்று தலைநகர் மசோதாவைக் கொண்டுவந்தது. தெலுங்கு தேசம் பெரும்பான்மையில் இருந்த மேலவை அதை ஆராயச் சொல்லித் தேர்வுக் குழுவுக்கு அனுப்பியது. அதாவது, எந்த வேலைக்காக அந்தச் சபையை வைத்தார்களோ அந்த வேலையைச் செய்தது. ஐந்தே நாளில் மேலவையை ஒழிக்கப் பேரவையில் தீர்மானம்! அடுத்த ஆண்டு நவம்பரில் ஜெகன் அரசே அந்தத் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. அதற்குள் மேலவையில் அவர் கட்சிக்காரர்கள் கூடிவிட்டார்கள்.

தமிழ்நாட்டுக்கு மேலவை திரும்ப வேண்டுமா என்று கேட்டால், இப்போதுள்ள விதிகளோடு வேண்டாம் என்பேன். முதலில் 169-வது பிரிவை மாற்ற வேண்டும். ஒரு பேரவை தீர்மானம் போட்டால், இடையில் பொதுத் தேர்தல் ஒன்று நடந்து, அடுத்த பேரவையும் அதையே நிறைவேற்றினால்தான் செல்லும் என்று வைக்கலாம். உருவாக்கவும் அதே விதி, ஒழிக்கவும் அதே விதி. நம் ஊர்க் கணக்கையே பாருங்கள்: 1989, 1996, 2010, மூன்று முறையும் அடுத்து வந்த பேரவை எதிர்த்தீர்மானம்தான் போட்டது. இந்த விதி இருந்திருந்தால் மூன்றில் ஒன்றுகூடத் தேறியிருக்காது. தேறும் அளவுக்கு இரண்டு கட்சிகளும் ஒத்துப்போகும் நாள் வந்தால், அன்றைக்குத் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கும் ஒரு வாக்குச் சேர்த்துக்கொள்ளட்டும்.

நேரம் ஆகிவிட்டது, உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். நன்றி.