ரெண்டு பேர் உட்காரும் கார்

நேயர்களுக்கு வணக்கம். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் முப்பது வருடமாகக் கார் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டே பேர் உட்காருகிற ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்கு இதைவிடப் பிடித்த பேச்சு கிடையாது.

அப்படி ஒரு கார் பட்டறை வாசலில் நின்றால், போகிற வருகிற பையன்கள் எல்லாம் கேட்பது ஒன்றுதான்: "எவ்வளவு வேகம் போகும்?" நான் முதலில் பார்ப்பது எடையை. சைக்கிள் கேரியரில் அரிசி மூட்டை கட்டி ஓட்டியவர்களுக்கு இது புரியும். நேரே மிதிப்பதுகூடப் பரவாயில்லை. திரும்பும்போதும் நிறுத்தும்போதும்தான் மூட்டை நம்மை இழுக்கும். காரிலும் அதே கதைதான்.

மாஸ்டா நிறுவனம் 1989-ல் சிகாகோ கண்காட்சியில் எம்எக்ஸ்-5 என்ற, கூரையைத் திறந்து ஓட்டுகிற காரைக் காட்டியது. 1.6 லிட்டர் எஞ்சின், சுமார் 115 குதிரைசக்தி. ஆனால் எடை ஆயிரம் கிலோவுக்குள். அந்த வரிசையில் 2016-க்குள் பத்து லட்சம் கார் செய்துவிட்டார்கள். நம் நாட்டிலும் சான் ஸ்டார்ம் என்று ஒன்று வந்தது. ஃபைபர் உடல், 1.2 லிட்டர் எஞ்சின். இரண்டுமே எடைக் குறைவை நம்பிச் செய்த வண்டிகள்.

எனக்கே இது புரிய நாளானது. பாளையங்கோட்டையில் ஒரு அண்ணாச்சி பழைய திறந்த கார் ஒன்று வாங்கியிருந்தார். நான் அதை நாங்குநேரி நாலுவழிச் சாலையில் விரட்டிப் பார்த்துவிட்டு, "பெருசா ஒண்ணும் இல்ல அண்ணாச்சி" என்றேன். அவருக்கு முகம் சுண்டிவிட்டது. "நாளைக்குக் காலையில வாங்க தம்பி" என்றார், அவ்வளவுதான்.

மறுநாள் விடியும்போது கிளம்பினோம். சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் தாண்டி, பாபநாசத்தில் இருந்து காரையாறு ஏறுகிற மலைப்பாதை. வேகமுள் ஐம்பதைத் தாண்டவே இல்லை. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் ஸ்டீயரிங்கைத் தொட்டதும் வண்டி திரும்பியது. ரோட்டில் கிடக்கிற கல் எது, ஈரம் எது என்று உள்ளங்கைக்குத் தெரிந்தது. இறங்கும்போது இரண்டாம் கியரில் விட்டு, பிரேக்கை லேசாகத் தொட்டால் போதும். அதே இறக்கத்தில் என் பெரிய வண்டியை ஓட்டினால் பிரேக் கட்டை தீய்ந்த வாசனை வரும். எடை பாதி என்றால் பிரேக்குக்கு வேலையும் பாதி. வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடி நிற்கிற தூரம் சுமார் நாலு மடங்கு. இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. எடையைப் பாருங்கள், பிரேக்கைப் பாருங்கள், குதிரைசக்தியைக் கடைசியில் பாருங்கள்.

சரி, இதை வீட்டில் வைத்து ஆள முடியுமா? அண்ணாச்சி வீட்டு மதினி ஒரே வாரத்தில் சொல்லிவிட்டார்கள்: "இன்னொரு வண்டியும் வீட்டுல நிக்கட்டும்." பேரன் வந்தால் அவனுக்கு இடமில்லை. முட்டுவலி உள்ளவர்கள் அவ்வளவு தாழ்வாக உட்கார்ந்து எழுவது பெரும்பாடு. குற்றாலத்தில் சாரல் பிடித்தபோது பழைய துணிக்கூரை ஓரமாக ஒழுகி, மதினியின் பட்டுச்சேலை நனைந்தது. ரப்பர் பட்டையை மாற்றிக் கொடுத்தேன். சித்திரை வெயிலில் கூரையைத் திறந்து ஓட்டுவதை நினைக்கவே வேண்டாம். காலை ஆறரைக்கு முன்னால், இல்லை மாலை ஐந்தரைக்குப் பின்னால்.

நம் ஊர் வேகத்தடைகள் வேறு. சாதாரண சின்னக் காரின் அடிவயிற்றுக்கும் ரோட்டுக்கும் 165, 170 மில்லிமீட்டர் இருக்கும். இந்த மாதிரிக் கார்களில் 130-ஐ ஒட்டித்தான் இருக்கும். கொஞ்சம் சாய்த்து, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குங்கள். அதற்காக மலிவாகக் கிடைக்கிறதென்று ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை உயர்த்தாதீர்கள். வளைவில் அந்தக் கார் காட்டுகிற அழகெல்லாம் தாழ்வாக இருப்பதால் வருவது. அதைக் கெடுத்துவிட்டு அந்தக் காரை எதற்கு வாங்க வேண்டும்?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டதாம். இன்சூரன்ஸ், உதிரிபாகம் எல்லாம் சொல்ல நினைத்திருந்தேன். அதை விட்டுவிட்டு டயரை மட்டும் சொல்கிறேன். பழைய கார் பார்க்கப் போனால் டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ல் 23-வது வாரம் செய்தது. இந்த வண்டிகள் அதிகம் ஓடாததால் டயர் தேயாமலே கிழடாகிவிடும். பட்டன், அதாவது ரோட்டில் படுகிற மேல்பக்கத்து மேடுபள்ளம், நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாமல், குனிந்து அந்த எண்ணைப் படித்துவிட்டு விலை பேசுங்கள். வணக்கம்.