விளக்கணைத்த வீடுகள்

நேயர்களுக்கு அன்பான வணக்கம். கிறிஸ்து பிறப்பு விழாவில் இல்லாதவர் வீடுகளுக்கு எப்படி உதவுவது என்பதுதான் இன்றைய பேச்சு.

இராமநாதபுரம் கடற்கரையில் ‘பங்கு’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒரு கோயிலைச் சேர்ந்த கிறிஸ்தவ மக்கள் ஒரு பங்கு. படகின் வரும்படியில் டீசல், ஐஸ் செலவைக் கழித்துவிட்டு ஆளுக்குப் பிரித்துக்கொள்வதும் பங்கு. இந்த இரண்டாவது பங்கு மெலிந்து கிடக்கும் மழைக்காலத்தில்தான் கிறிஸ்து பிறப்பு விழா வருகிறது. பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால் படகுகள் கரையிலேயே கிடக்கும். தனுஷ்கோடியை அழித்த புயலும் 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில், திருநாள் நெருங்கிய வேளையில்தான் வந்தது. கடல் கொந்தளிக்கும் நாளில் கடற்பாசி எடுக்கும் பெண்களாலும் மூழ்க முடியாது. எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை ஒரு படகைப் பிடித்துவிட்டாலோ, அதில் ஏறிய அத்தனை பேரின் வீட்டு உலையும் ஒரே நாளில் நின்றுபோகும்.

கேரல் என்னும் கிறிஸ்து பிறப்புப் பாடல்களைப் பாடி வீடு வீடாகச் செல்லும் இளைஞர்களுடன் உண்டியலும் செல்கிறது. அதில் போடக் காசில்லாத வீட்டார் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே அமர்ந்திருப்பார்கள். ஆளில்லை என்று கடந்துபோகாமல், அந்த வீட்டை மனத்தில் குறித்துக்கொள்ளும் இளைஞரே தொண்டு செய்யத் தொடங்கியவர். நம் பங்குகளில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையும், 1833இல் பாரிஸ் நகரத்தில் பிரடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவர் தம் நண்பர்களோடு ஏழைகளின் வீடு தேடிச் சென்றதில் பிறந்ததுதான்.

வீடு தேடிப் போனால்தான் தேவை தெரியும். நாம் சேலையும் கேக்கும் கொண்டுபோகிறோம். அந்த வீட்டுத் தாயின் கவலையோ மளிகைக் கடைப் பற்றுக் கடனாகவோ, அடகில் கிடக்கும் தோடாகவோ இருக்கும். பற்றைக் கடைக்காரரிடமே நேரே கட்டிவிடலாம். அது அவருக்கும் கட்டியவருக்கும் தெரிந்தால் போதும். பொட்டலத்தைக் கையில் கொடுத்துப் படமெடுத்துத் தெருமுனையில் பதாகை வைக்கும் வழக்கத்தை, உள்ளதைச் சொன்னால், என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

காலமும் முக்கியம். அதிரசத்துக்குப் பாகு கிண்டி மாவு பக்குவப்படவே இரண்டு மூன்று நாள் வேண்டும். 24ஆம் தேதி இரவு கொடுக்கும் துணியை எந்தத் தையற்காரரும் தைத்துத் தரமாட்டார். ஆகவே கிறிஸ்து பிறப்புக்கு முந்திய நான்கு வாரமான திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்றே, உதவி வேண்டிய வீடுகளின் பட்டியலை எழுதத் தொடங்குங்கள். ஒரே படகில் இந்துவும் இசுலாமியரும் கிறிஸ்தவரும் சேர்ந்து தொழில் செய்யும் கரை இது. கூண்டு ஏறினால் மூவர் வீட்டிலும் அடுப்பு அணைகிறது என்பதால், பட்டியல் கோயில் பதிவேட்டோடு நின்றுவிடக் கூடாது.

கேரல் இரவில் அந்த இருட்டு வீடுகளுக்கும் செல்லுங்கள். உண்டியலை மட்டும் முந்தின வீட்டுத் திண்ணையிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள். வணக்கம்.