இனி விட்டு என்ன பயன்?

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் காலை நேரத்துச் சாப்பாட்டுக் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். 2019இல் கடைகளில் புகைக்கத் தடை வந்த பிறகு, தே தாரிக் தேநீரை மேசையிலேயே விட்டுவிட்டு, சாலையோரம் போய் நின்று ஊதிவிட்டு வரும் பெரியவர்கள் பலர். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் பழகிய பழக்கம். “விட்டுவிடக் கூடாதா ஐயா?” என்று கேட்டால், “நாற்பது வருடம் இழுத்தாகிவிட்டது தம்பி, இனி விட்டு என்ன பயன்?” என்பார்கள்.

நியாயமான கேள்விதான். பாதிப் பதில் பழையது. பிரிட்டன் ஆய்வாளர் ரிச்சர்ட் டால் குழுவினர் 1951 முதல் பிரிட்டன் மருத்துவர்களை அரை நூற்றாண்டு பின்தொடர்ந்து, 2004இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். தொடர்ந்து புகைத்தவரைவிட, 40 வயதில் நிறுத்தியவருக்கு ஏறக்குறைய ஒன்பது ஆண்டு ஆயுள் கூடுதல். 60இல் நிறுத்தியவருக்கும் மூன்று ஆண்டு. கெட்டுப்போன நுரையீரல் எப்படி இவ்வளவு தேறுகிறது என்பதற்கான மீதிப் பதில் 2020 ஜனவரியில் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் வந்தது.

மூச்சுக்குழாயின் உட்சுவரில் சளி சுரக்கும் உயிரணுக்களும், அந்தச் சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளும் நுண்மயிர் கொண்ட உயிரணுக்களும் இருக்கின்றன. இவை தேய்ந்து உதிர உதிர, புதியவற்றைத் தருபவை அடியில் ஒட்டிக் கிடக்கும் குருத்தணுக்கள். புகையில் உள்ள பென்சோபைரீன் போன்ற நச்சுகள் இவற்றின் டி.என்.ஏ.யில் ஒட்டிக்கொண்டு பிழையை உண்டாக்குகின்றன. உயிரணு இரண்டாகப் பிரியும்போது பிழையும் சேர்ந்தே படியெடுக்கப்படுகிறது. புற்றுநோயின் தொடக்கம் அங்கேதான்.

பிரிட்டனின் வெல்கம் சாங்கர் நிறுவனமும் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியும் 16 பேரின் மூச்சுக்குழாயிலிருந்து 632 உயிரணுக்களை எடுத்து, ஒவ்வொன்றையும் தனியே வளர்த்து ஆராய்ந்தன. 16 பேர் என்பது சின்னக் கூட்டம்தான். ஆனால் தனித்தனியே பார்த்ததில்தான் விஷயம் இருக்கிறது. புகைப்பவரின் உயிரணு ஒன்றில், புகைக்காதவரைவிடச் சராசரியாக 5,300 பிறழ்வுகள், அதாவது டி.என்.ஏ. பிழைகள், கூடுதல். அந்தச் சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஒரே ஆளிடம், ஒரே திசுத் துணுக்கில், ஓர் உயிரணுவில் ஆயிரம் பிறழ்வு. பக்கத்தில் இருப்பதில் பத்தாயிரத்துக்கும் மேல்!

புகைப்பதை நிறுத்தியவர்களிடம் கண்டது இன்னும் வியப்பு. அவர்களுடைய உயிரணுக்களில் 20 முதல் 40 விழுக்காடு வரை, சிகரெட்டையே தொடாதவருடையவை போல இருந்தன. இன்னும் புகைப்பவர்களிடம் இத்தகைய உயிரணுக்கள் அந்த அளவில் நான்கில் ஒரு பங்குதான் இருந்தன. ஆய்வில் இருந்த சிலர் வாழ்நாளில் 15,000 பாக்கெட்டுக்கு மேல் ஊதித் தள்ளியவர்கள். நாளுக்கு ஒரு பாக்கெட் என்றால் நாற்பது வருடக் கணக்கு.

இந்த நல்ல உயிரணுக்கள் கெட்டுப் பிறகு திருந்தியவை அல்ல. டி.என்.ஏ.யில் பதிந்துவிட்ட பிறழ்வு அழியாது. டி.என்.ஏ. சுருண்டிருக்கும் குரோமோசோமின் நுனியில் டெலோமியர் என்று ஒரு பகுதி உண்டு. உயிரணு பிரியப் பிரிய அது குறுகும். நல்ல உயிரணுக்களில் அது நீளமாகவே இருந்தது. அதாவது, அவை அதிகம் பிரியாமல் ஒதுங்கிக் கிடந்திருக்கின்றன. புகை நின்றதும் பெருகி இடம் பிடித்திருக்கின்றன என்பது ஆய்வாளர்களின் கருத்து. தோட்டத்து மறுநடவு மாதிரிதான், ஆனால் பழைய மரங்களைச் சாய்க்க இங்கே எந்திரம் வராது. புதிய கன்றுகள் அவற்றுக்கு நடுவிலேயே தழைக்க வேண்டும்.

அதனால்தான், “நிறுத்தினால் நுரையீரல் புத்தம் புதிதாகிவிடும்” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி எனக்கு எரிச்சலூட்டுகிறது. கெட்ட உயிரணுக்களும் உள்ளேயே இருக்கின்றன. சிதைந்த காற்றுப்பைகள் திரும்ப முளைப்பதில்லை. விட்டுப் பல வருடம் ஆனவர்களும், சளியில் இரத்தம் கண்டாலோ இருமல் வாரக்கணக்கில் நீடித்தாலோ மருத்துவரிடம் போகத்தான் வேண்டும்.

விட நினைப்பவர்கள் தனியாகப் போராட வேண்டியதில்லை. பல அரசு கிளினிக்குகளில் அதற்கென்றே ஆலோசனையும் மருந்தும் கொடுக்கிறார்கள். அடையாள அட்டையைக் கொண்டு போங்கள். மலேசியருக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட்.