பே-பர்-வியூ வசூல் பத்து கோடி டாலர்... சண்டை போட்டவருக்கு எவ்வளவு?

வணக்கம் நண்பர்களே. பெரிய ஹெவிவெயிட் குத்துச்சண்டை ஒன்று முடிந்தால் அடுத்த சில நாட்களில் ஒரு எண் வெளியே வரும். இத்தனை லட்சம் பேர் பே-பர்-வியூ (அந்த ஒரு சண்டையை வீட்டு டிவியில் பார்க்கத் தனிக் கட்டணம் கட்டுவது) வாங்கினார்கள், வசூல் இத்தனை கோடி டாலர் என்று. நாமும் உடனே அதை இரண்டாகப் பிரித்து, இரண்டு வீரர்களின் பையிலும் போட்டுவிடுகிறோம். அந்தக் கணக்கு தப்பு. எங்கே தப்பு என்பதைத்தான் இன்றைக்குப் பார்க்கப்போகிறோம்.

2002 ஜூன் 8, மெம்ஃபிஸ் நகரம். லெனாக்ஸ் லூயிஸ், மைக் டைசன். லூயிஸ் எச்பிஓ சேனலோடு ஒப்பந்தம் போட்டவர், டைசன் ஷோடைம் சேனலோடு. இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாத சேனல்கள். ஆனால் பணம் பெரிது என்பதால் அன்றைக்குச் சேர்ந்தே ஒளிபரப்பின. ஒரு வீட்டுக்கு விலை 54.95 டாலர், வாங்கியவை சுமார் 19.5 லட்சம் வீடுகள். பெருக்கினால் 10.7 கோடி டாலர். வீரர்களுக்கு உறுதியளிக்கப்பட்ட தொகையோ ஆளுக்கு 1.75 கோடி. அதற்கு மேல் விற்பனையில் பங்கு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் 10.7 கோடியை இரண்டால் வகுத்தால் வருவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

மீதி எங்கே போகிறது? முதல் வெட்டு கேபிள், சாட்டிலைட் கம்பெனிகளுக்கு. உங்கள் வீட்டுக்குப் படத்தைக் கொண்டுவந்து சேர்ப்பவர்கள் அவர்கள்தானே. அந்தக் காலத்தில் ஏறக்குறைய பாதி அவர்களிடமே நின்றுவிடும். அடுத்து சேனல் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சம்தான் சண்டையை ஏற்பாடு செய்து நடத்தும் ப்ரோமோட்டர் கைக்கு வரும். டிக்கெட் வசூலும், வெளிநாட்டு ஒளிபரப்பு உரிமையும், ஸ்பான்சர் பணமும் அதே பெட்டியில்தான் விழும். அந்தப் பெட்டியிலிருந்துதான் விளம்பரச் செலவும், அண்டர்கார்டில், அதாவது மெயின் சண்டைக்கு முன்னால் நடக்கும் சண்டைகளில் ஆடும் எல்லோருடைய சம்பளமும் போகும். பிறகுதான் மெயின் சண்டை வீரர்கள்.

சரி, வீரர் கைக்கு வந்துவிட்டது. முடிந்ததா? இல்லை. மேனேஜர் இருக்கிறார். லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநில விதிப்படி அவர் மூன்றில் ஒரு பங்குவரை எடுக்கலாம். டிரெய்னருக்கு வழக்கமாகப் பத்து சதவீதம். டைட்டில் சண்டை என்றால் சாம்பியன் பெல்ட் கொடுக்கும் அமைப்புக்குக் கட்டணம். பயிற்சி முகாமில் தினமும் வந்து அடி வாங்கும் ஸ்பாரிங் ஆட்களுக்குச் சம்பளம். எல்லாவற்றுக்கும் மேலே வரி.

இன்னொன்று, சண்டைகளை மேற்பார்வை செய்யும் மாநில அத்லெட்டிக் கமிஷன் சண்டைக்கு முன்னால் வெளியிடும் தொகையையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். 2020 பிப்ரவரியில் டைசன் ஃப்யூரியும் டியான்டே வைல்டரும் லாஸ் வேகாஸில் இரண்டாம் முறை மோதியபோது, கமிஷன் பதிவில் ஆளுக்கு 50 லட்சம் டாலர் என்றுதான் இருந்தது. இருவரும் உண்மையில் வாங்கியது அதைப்போலப் பல மடங்கு. பதிவில் வருவது குறைந்தபட்ச உத்தரவாதம் மட்டும். விற்பனைப் பங்கு தனி ஒப்பந்தத்தில் இருக்கும், அது நம் கண்ணில் படாது.

கணக்கு வெட்ட வெளிச்சமாகத் தெரிந்த சண்டை ஒன்று சொல்கிறேன். ஃப்யூரியும் டில்லியன் வைட்டும், 2022 ஏப்ரல், லண்டன் வெம்ப்ளி. இரண்டு தரப்புக்கும் பேரம் படியாததால் சண்டையை நடத்தும் உரிமையை ஏலம் விட்டார்கள். பர்ஸ் பிட் என்பார்கள். ப்ரோமோட்டர் ஃப்ராங்க் வாரன் 4 கோடியே 10 லட்சத்து 25 ஆயிரம் டாலருக்கு எடுத்தார். அதில் பத்து சதவீதம், சுமார் 41 லட்சம், ஜெயிப்பவருக்கென்று தனியாக ஒதுக்கப்பட்டது. மீதியில் சாம்பியன் ஃப்யூரிக்கு 80 சதவீதம், வைட்டுக்கு 20. அதாவது ஃப்யூரிக்கு 2.95 கோடி, வைட்டுக்கு 74 லட்சம் சொச்சம். வைட் தரப்பு இந்தப் பிரிவை எதிர்த்துப் போராடியும் பலனில்லை. ஆறாவது ரவுண்டில் ஃப்யூரியின் அப்பர்கட் விழுந்தது, அந்த 41 லட்சமும் அவருக்கே போனது. ஒரே மேடை, அதே ஆபத்து, தலையில் விழும் குத்தும் அதேதான். எனக்கு 80-20 என்பது மனசுக்கு ஒப்பவில்லை. ஆனால் ஒன்று, வைட்டுக்குத் தன் பங்கு எதில் எவ்வளவு என்று பைசா சுத்தமாகத் தெரிந்திருந்தது.

அது தெரியாமல் சண்டை போட்டவர்கள் உண்டு. 1986 ஜூலையில் இதே வெம்ப்ளியில் டிம் விதர்ஸ்பூன் ஃப்ராங்க் புரூனோவை 11-வது ரவுண்டில் வீழ்த்தினார். சாம்பியன் விதர்ஸ்பூன்தான், ஜெயித்ததும் அவர்தான். தோற்ற புரூனோவுக்குக் கிடைத்தது சுமார் 9 லட்சம் டாலர். பிடித்தமெல்லாம் போக விதர்ஸ்பூன் கைக்கு வந்தது சுமார் 90,000. ப்ரோமோட்டர் டான் கிங். விதர்ஸ்பூனின் மேனேஜர் யார் தெரியுமா? டான் கிங்கின் வளர்ப்பு மகன் கார்ல் கிங். வீரருக்காகப் பேரம் பேச வேண்டியவரும், எதிரில் உட்கார்ந்து பேரம் பேசுபவரும் ஒரே குடும்பம். விதர்ஸ்பூன் வழக்குப் போட்டு, கடைசியில் சமரசமாக ஒரு தொகை வாங்கினார். இதை எப்போது படித்தாலும் எனக்குக் கோபம் வரும்.

இந்த மாதிரி அநியாயங்களைத் தடுக்கத்தான் 2000-ல் அமெரிக்காவில் முகமது அலி சட்டம் வந்தது. சண்டையிலிருந்து தனக்கு என்ன வருகிறது, வீரரின் தொகையில் என்னென்ன பிடித்தம் என்பதை ப்ரோமோட்டர் வீரரிடம் சொல்லியாக வேண்டும். பெரிய சண்டைகளில் மேனேஜரும் ப்ரோமோட்டரும் ஒரே பணத்தில் கை வைக்கக் கூடாது. நமக்குக் கணக்கு காட்ட வேண்டியதில்லை, ஆனால் குத்து வாங்குகிறவருக்குக் காட்ட வேண்டும். எனக்கு அது போதும்.

இப்போது நிலைமை மாறிவிட்டது. 2024-ல் ஃப்யூரியும் உசிக்கும் ரியாத்தில் மோதியபோது, சம்பளத்துக்குப் பின்னால் இருந்தது சவுதிப் பணம். எத்தனை வீடுகள் வாங்கின என்பது அங்கே இரண்டாம் பட்சம். அதே ஆண்டு நவம்பரில் மைக் டைசனும் ஜேக் பாலும் மோதியது நெட்ஃபிளிக்ஸில், தனிக் கட்டணமே கிடையாது. வீரர்களுக்கு இதில் நல்ல காசு, மறுக்கவில்லை. ஆனால் விற்பனை எண் என்று ஒன்று இருந்தவரை, என்னால் இவ்வளவு வசூல், எனக்கு இவ்வளவு கொடு என்று மேசையைத் தட்டிக் கேட்க ஒரு வீரருக்கு ஆதாரம் இருந்தது. அது இல்லாத இடத்தில் எதைக் காட்டிக் கேட்பார்?

அதனால்தான் 2025-ல் அலி சட்டத்தைத் திருத்த அமெரிக்க நாடாளுமன்றத்தில் வந்த மசோதாவை நான் விடாமல் கவனித்துவருகிறேன். ஒரே அமைப்பே சண்டையும் நடத்தி, தரவரிசையும் போட்டு, பெல்ட்டும் கொடுக்கலாம் என்று வழி திறக்கும் மசோதா. கலப்புத் தற்காப்புக் கலைச் சண்டைகளை நடத்தும் யூஎஃப்சியின் தாய் நிறுவனம் அதை ஆதரிக்கிறது. சிறிய வீரர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம், மருத்துவக் காப்பீடு என்று அதில் நல்லதும் இருக்கிறது, தாராளமாக வரட்டும். கணக்கு காட்டும் கடமை மட்டும் எந்த அமைப்புக்கும் தளரக் கூடாது. சரி நண்பர்களே, அடுத்த வீடியோவில் அண்டர்கார்டு வீரர்களின் சம்பளத்தைப் பற்றிப் பேசலாம்.