தொழிலாளர் ஆய்வாளர்களுக்கான பயிற்சி பலன் தந்ததா? சம்பளச் சீட்டில் தேடுவோம்

[காட்சி: அதிகாலை. குளுவாங் புறநகரில் செம்பனை மரங்களுக்கு நடுவே செல்லும் சாலை. தொழிற்சாலைப் பேருந்து ஒன்று கடந்து போகிறது.]

குரல்: வணக்கம். ஜொகூர் மாநிலத்தில் ரப்பரையும் பின்னர் செம்பனையையும் நம்பி வளர்ந்த ஊர் குளுவாங். ஆடைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற பத்து பகாட் இங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. பால்மரம் வெட்டிய தலைமுறையின் பிள்ளைகளில் பலர் தையல் ஆலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். இன்று அதே இருக்கைகளில் வங்காளதேசம், நேப்பாளம், மியன்மார் ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்களும் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சட்டப்படி சேர வேண்டியது சேருகிறதா என்று பார்க்கும் பொறுப்பு அரசாங்கத்தின் தொழிலாளர் ஆய்வாளருக்கு உரியது. அவருக்கு அளிக்கப்படும் பயிற்சி உண்மையில் பலன் தருகிறதா என்பதை எப்படி அறிவது என்ற ஒரே கேள்வியை இந்தக் காணொளியில் எடுத்துக்கொள்கிறோம்.

[காட்சி: பயிற்சி அறை. மேசைமேல் கருத்துப் படிவங்கள். சான்றிதழ் வழங்கும் மேடை.]

குரல்: பயிற்சி முடிந்த நாளன்று வழக்கமாக ஒரு படிவம் தருவார்கள். பேச்சாளர் தெளிவாக விளக்கினாரா, உணவும் தங்குமிடமும் வசதியாக இருந்தனவா என்பன போன்ற கேள்விகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இட வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள், சராசரி மதிப்பெண் எவ்வளவு என்ற இரண்டு எண்களோடு அறிக்கை முடிந்துவிடும். பயிற்சியை மதிப்பிட நான்கு நிலைகள் உண்டு என்று அமெரிக்கப் பேராசிரியர் டோனல்ட் கிர்க்பாட்ரிக் 1959இலேயே எழுதத் தொடங்கினார். கலந்துகொண்டவரின் மனநிறைவு முதல் நிலை. அவர் கற்றுக்கொண்டது இரண்டாவது, வேலையிடத்தில் அவருடைய நடத்தை மாறியது மூன்றாவது, அந்த மாற்றத்தால் விளைந்த பயன் நான்காவது. அந்தப் படிவம் முதல் நிலையோடு நின்றுவிடுகிறது. தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் தொழிலாளிக்கோ நான்காவது நிலை மட்டுமே கண்ணுக்குத் தெரியும்.

அந்த நான்காவது நிலை எப்படி இருக்கும் என்பதை ஒரு கணக்கால் காட்டலாம்.

[காட்சி: கரும்பலகையில் சம்பளக் கணக்கு படிப்படியாக எழுதப்படுகிறது.]

குரல்: 2025 முதல் மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதை 26 நாளால் வகுத்து, பிறகு 8 மணி நேரத்தால் வகுத்தால், ஒரு மணி நேரத்திற்கு 8 ரிங்கிட் 17 சென் வருகிறது. சாதாரண வேலை நாளில் கூடுதல் நேரம் உழைத்தால் ஒன்றரை மடங்கு தர வேண்டும் என்பது சட்டம். ஒரு தொழிலாளி ஒரு மாதத்தில் 80 மணி நேரம் கூடுதலாக உழைக்க, ஆலை அதற்கும் சாதாரண விகிதத்திலேயே சம்பளம் போட்டால், அவர் அந்த மாதம் ஏறத்தாழ 327 ரிங்கிட் இழக்கிறார். கூடுதல் நேரம் மாதத்திற்கு 104 மணியைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும், வாரத்திற்கு 45 மணி நேரமே வழக்கமான வேலை நேரம் என்று 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் திருத்தமும் இதே கணக்கோடு சேர்ந்தவை. துண்டுக் கணக்கில், அதாவது தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்று, சம்பளம் பெறுபவரின் சீட்டில் இந்த இழப்பைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். வருகைப் பதிவையும், தைத்த எண்ணிக்கையையும், வங்கியில் போடப்பட்ட தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடத் தெரிந்த ஆய்வாளருக்கே அது புலப்படும். ஆய்வாளருக்காக ஒரு கணக்குப் புத்தகமும் ஆலைக்காக இன்னொன்றும் வைத்திருக்கும் இடத்தில் அந்தத் திறமையும் போதாமல் போகலாம். தொழிலாளியைத் தனியாகச் சந்தித்துக் கேட்டால்தான் உண்மை வெளிவரும்.

ஆகவே, பயிற்சி பலன் தந்ததா என்பதற்கான நேர்மையான விடை, பயிற்சி பெற்றவர் சென்று வந்த ஆலையில் அந்த 327 ரிங்கிட் தொழிலாளியின் கைக்குத் திரும்பியதா என்பதில் இருக்கிறது. கடவுச்சீட்டு முதலாளியின் பெட்டகத்திலிருந்து உரியவரிடம் வந்ததா, விடுதியில் ஒருவருக்கு உரிய படுக்கை இடம் கிடைத்ததா என்பவையும் அதே வகையைச் சேர்ந்த கேள்விகள்.

[காட்சி: ரப்பர் தோட்டத்தில் பால் நிறுக்கும் கொட்டகை. பழைய கறுப்பு வெள்ளைப் படம்.]

குரல்: இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பல அறிக்கைகள் கண்டுபிடிக்கப்பட்ட குற்றங்களின் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு, அது குறைந்தால் வெற்றி, கூடினால் தோல்வி என்று முடிவு கட்டுகின்றன. நல்ல பயிற்சி பெற்ற ஆய்வாளர் முன்பு கண்ணில் படாததையும் காண்பார் என்பதால், முதல் ஆண்டில் அந்த எண்ணிக்கை கூடுவதே இயல்பு. தொழிலாளர்களுக்கு நம்பிக்கை வளர்ந்தால் புகார்களும் கூடும். தோட்டத்தில் பாலை நிறுத்துப் பார்த்ததோடு விட்டுவிட மாட்டார்கள், தண்ணீர் எவ்வளவு, உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று அளந்த பிறகே கணக்கு எழுதுவார்கள். குற்றங்களின் எண்ணிக்கையும் அப்படியே. அதில் எவ்வளவு ஆலைகளின் உண்மை நிலை, எவ்வளவு ஆய்வாளரின் பார்வைக் கூர்மை என்று பிரித்தறியாத வரை அந்த எண் எதையும் நிரூபிக்காது.

பிரித்தறிய வழி இருக்கிறது. ஆய்வு நடந்த ஆலைகளில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, இரண்டு வாரத்திற்குள் வேறொரு தேர்ந்த குழுவை அனுப்பி மறு ஆய்வு செய்ய வேண்டும். முதல் அறிக்கை தவறவிட்டவை எவை என்பது அப்போது தெரியும். பயிற்சிக்கு முன்பும் பின்பும் இதைச் செய்தால் பார்வைக் கூர்மையைத் தனியாக அளந்துவிடலாம். எல்லா மாவட்டங்களுக்கும் ஒரே மாதத்தில் பயிற்சி தராமல், எந்த மாவட்டம் முதலில், எது அடுத்து என்பதையும் குலுக்கலில் தீர்மானித்தால், காத்திருக்கும் மாவட்டங்களே ஒப்பீட்டுக்கு உதவும். எவரும் பயிற்சியை இழப்பதில்லை, சிலருக்குச் சில மாதங்கள் தாமதமாகக் கிடைக்கும், அவ்வளவே.

[காட்சி: உலக வரைபடம். குஜராத், கலிபோர்னியா ஒளிர்கின்றன.]

குரல்: மறு ஆய்வு என்ற இந்த வழி குஜராத்தில் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. அங்கே நடந்தது தொழிலாளர் ஆய்வு இல்லை, ஆலைகளின் மாசு அளவைப் பார்க்கும் தனியார் தணிக்கை. பொருளியல் அறிஞர் எஸ்தர் டுஃப்லோவும் அவருடன் சேர்ந்து ஆராய்ந்தவர்களும் 2013இல் வெளியிட்ட முடிவுகளின்படி, ஆலையே தணிக்கையாளரைத் தேர்ந்தெடுத்துக் கூலி கொடுத்த வழக்கமான முறையில், மாசு அளவு வரம்புக்குச் சற்றுக் கீழே இருப்பதாகவே அறிக்கைகள் வந்துகொண்டிருந்தன. தணிக்கையாளரைக் குலுக்கலில் நியமித்து, கூலியை ஆலையிடமிருந்து நேரடியாக வாங்காமல் பொதுவான ஒரு நிதியிலிருந்து கொடுத்து, மறு ஆய்வும் வைத்தபோது, அறிக்கைகள் உண்மையை நெருங்கின. ஆலைகளும் மாசைக் குறைத்தன.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும், ஏனெனில் பயிற்சி மதிப்பீடு பற்றிய பேச்சில் பெரும்பாலும் விடுபடுவது இதுதான். அந்தத் தணிக்கையாளர்களுக்கு அளக்கத் தெரியாமல் இல்லை. உள்ளதை எழுத அவர்களுடைய நிலைமை இடம் கொடுக்கவில்லை. அவர்களுக்கு மேலும் ஐந்து நாள் வகுப்பு நடத்தியிருந்தால் ஒன்றும் மாறியிருக்காது. ஆய்வாளர் தவறவிடுவதற்குக் காரணம் அறியாமையா, வண்டியும் மொழிபெயர்ப்பாளரும் இல்லாமையா, மேலிருந்து வரும் அழுத்தமா என்பதை முதலில் பிரித்துக் கேட்காத மதிப்பீடு, பயிற்சியின் மேல் வீண்பழி சுமத்தும், அல்லது அதற்கு உரிமையில்லாத புகழைத் தரும். நேப்பாளி மட்டுமே பேசும் தொழிலாளியிடம் மேற்பார்வையாளரை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டு விசாரிக்க வேண்டிய நிலையில் இருக்கும் அதிகாரி, எவ்வளவு நன்றாகக் கற்றிருந்தாலும் என்ன கண்டுபிடிக்க முடியும்?

அதற்காகப் பயிற்சி வீண் என்று சொல்லிவிட முடியாது. ஜோடி ஷார்ட், மைக்கேல் டோஃபல், ஆண்ட்ரியா ஹூகில் ஆகியோர் உலகின் பல நாடுகளின் ஆலைகளில் தொழிலாளர் நிலை பற்றி நடந்த ஏறத்தாழ 17,000 தனியார் தணிக்கைகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட கட்டுரையில், பயிற்சியும் அனுபவமும் குறைந்த குழுக்கள் குறைவான மீறல்களையே பதிவு செய்கின்றன என்று காட்டினார்கள். ஆண்கள் மட்டுமே கொண்ட குழுக்களும், அதே ஆலைக்கு முன்பே சென்றுவந்தவர் இருந்த குழுக்களும் குறைவாகவே பதிவு செய்தன. பெண்கள் அதிகம் உழைக்கும் ஆடைத் தொழிலில் பாலியல் தொந்தரவு பற்றிய புகாரை யாரிடம் சொல்வார்கள் என்று யோசித்தால், பெண் ஆய்வாளர்களின் தேவை எளிதில் விளங்கும். ஆய்வினால் தொழிலாளிக்கு நன்மை உண்டா என்ற அடிப்படைச் சந்தேகத்திற்கும் விடை இருக்கிறது. கலிபோர்னியாவில் குலுக்கல் முறையில் நடந்த பாதுகாப்பு ஆய்வுகளைப் பற்றிய 2012ஆம் ஆண்டு ஆராய்ச்சி, அவை நடந்த இடங்களில் காயங்கள் 9.4 விழுக்காடு குறைந்ததைக் கண்டது.

[காட்சி: கறுத்துப் போன ஆலைக் கட்டடத்தின் ஜன்னல் கம்பிகள்.]

குரல்: மதிப்பீடு காகிதத்தோடு நின்றால் என்ன ஆகும் என்பதற்கு ஆடைத் தொழில் கொடுத்த விலை பெரிது. 2012 செப்டம்பரில் கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் ஆலை எரிந்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலை சமூகப் பொறுப்புச் சான்றிதழ் பெற்றிருந்தது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்காளதேசத்தில் ரானா பிளாசா இடிந்து 1,134 பேர் இறந்த பிறகு, அந்நாடு தன் தொழிற்சாலை ஆய்வு அமைப்பை 2014 ஜனவரியில் தனித் துறையாக உயர்த்தி, புதிய ஆய்வாளர்களைச் சேர்த்து, அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் துணையோடு பயிற்சி அளித்தது.

[காட்சி: மாவட்டத் தொழிலாளர் இலாகா அலுவலகத்தின் முகப்பு.]

குரல்: மலேசியாவும் இந்தக் கடமையிலிருந்து விலகி நிற்கவில்லை. தொழிலாளர் ஆய்வு பற்றி அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 1947இல் வகுத்த 81ஆம் எண் ஒப்பந்தத்தை மலேசியா 1963இல் ஏற்றது. ஆய்வாளருக்குப் போதுமான பயிற்சி தர வேண்டும் என்று அதன் 7ஆம் பிரிவு கூறுகிறது. முன்னறிவிப்பின்றி ஆலைக்குள் நுழையும் அதிகாரத்தை 12ஆம் பிரிவும், புகார் தந்தவர் யார் என்பதை வெளியிடாமல் காக்கும் கடமையை 15ஆம் பிரிவும் வகுக்கின்றன. பயிற்சிக்குப் பின் இந்த மூன்றும் நடப்பில் எப்படி இருக்கின்றன என்று கேட்பதே ஒரு நல்ல மதிப்பீட்டின் தொடக்கமாக இருக்கும். எத்தனை ஆய்வுகள் முன்னறிவிப்பு இல்லாமல் நடந்தன, தொழிலாளர்களுடனான பேச்சு ஆலைக்கு வெளியே, அவர்களுடைய மொழியில் நடந்ததா, புகார் தந்தவர் ஆறு மாதம் கழித்தும் அதே வேலையில் இருக்கிறாரா?

இதற்கான திட்டம் பயிற்சி தொடங்கும் முன்பே எழுதப்பட வேண்டும். முந்தைய நிலையைப் பதிவு செய்யாமல் விட்டால், பிறகு எவ்வளவு செலவழித்தாலும் அதைத் திரும்பப் பெற முடியாது. பயிற்சி நிதியில் ஒரு பகுதியை மறு ஆய்வுக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் முதலிலேயே ஒதுக்கிவிடுவது அவசியம். ஓராண்டு கழித்து வகுப்பறைத் தேர்வைத் திரும்ப வைப்பதைக் காட்டிலும், ஆய்வாளர் எழுதிய கோப்புகளில் சிலவற்றை, எழுதியவர் யார் என்று தெரியாத இருவர் தனித்தனியே படித்து மதிப்பிடுவது பயனுள்ளது என்பது எங்கள் கருத்து.

இந்தக் காணொளியைத் தையல் ஆலையில் வேலை செய்பவரோ அவருடைய குடும்பத்தினரோ பார்த்துக்கொண்டிருந்தால், உங்களிடம் ஒரு வேண்டுகோள். மாதச் சம்பளச் சீட்டுகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கூடுதல் நேரம் உழைத்த நாளையும் மணியையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வாருங்கள். ஆய்வாளர் வந்து கேட்டால் அதைக் காட்டுங்கள். யாரும் வராவிட்டால், அதே நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள தொழிலாளர் இலாகா அலுவலகத்திற்கு நீங்களே சென்று புகார் செய்யலாம்.