பார்த்துக்கலாம்மா

நேயர்களுக்கு வணக்கம்.

நான் தபால் நிலையக் கவுன்ட்டரில் வேலை பார்ப்பவள். கல்வியைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கு என்ன என்று கேட்டால், ஒரே பள்ளிக்கூடத்தின் படியை மூன்று வருடம் ஏறி இறங்கியிருக்கிறேன், அவ்வளவுதான்.

என் மகன் இப்போது ஏழாம் வகுப்பு. வாய் ஓயாமல் பேசுவான். கிரிக்கெட்டில் இன்னும் எத்தனை பந்து, எத்தனை ஓட்டம் என்பதை நான் விரல் மடக்குவதற்குள் சொல்லிவிடுவான். பென்சிலைக் கையில் கொடுத்தால் மட்டும் ஆள் மாறிப்போவான். 'கொக்கு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். காதில் முதலில் விழுவது 'க்', அதன் பிறகுதான் 'ஒ'. எழுதும்போதோ முதலில் ஒரு கொம்பு, நடுவில் 'க', கடைசியில் ஒரு கால். காது கேட்கிற வரிசை ஒன்று, கை எழுத வேண்டிய வரிசை வேறொன்று. நாமெல்லாம் இதை எப்படியோ பழகிவிட்டோம். அவனுக்கு அது ஒவ்வொரு சொல்லிலும் புதிதாக ஒரு மலை. கொம்பைப் போட்டுவிட்டுக் காலை மறப்பான், 'கெக்கு' ஆகிவிடும். ண, ன, ந மூன்றும் அவனுக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள். மூன்றாம் வகுப்பு வரை வீட்டில் நாங்கள் இதற்கு வைத்திருந்த பெயர் சோம்பேறித்தனம். அடித்தும் இருக்கிறேன். அதை இங்கே மறைத்துவிட்டுப் பள்ளியை மட்டும் குறை சொன்னால் நியாயமாகாது.

எட்டு வயது முடிந்த பிறகு அரசு மருத்துவமனையில் பரிசோதித்து, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, அதாவது டிஸ்லெக்சியா, என்று சான்று கொடுத்தார்கள். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாற்றுத்திறன் வகைகள் ஏழுதான். 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. என் மகனுடையது அந்த 21-இல் ஒன்று. அந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, இப்படிப்பட்ட குறைபாட்டைச் சீக்கிரம் கண்டுபிடித்து அதற்கேற்ற கற்பித்தல் முறையைக் கையாள வேண்டும் என்கிறது. 17-ஆம் பிரிவு தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடத்திலிருந்து விலக்கு என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

சான்றை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். உதவி பெறும் பள்ளி, பெயர் வேண்டாம். நாற்காலி போட்டு உட்காரவைத்து, நான் சொன்னதையெல்லாம் கேட்டார்கள். கடைசியில் ஒரு வார்த்தை: "பார்த்துக்கலாம்மா, நீங்க கவலைப்படாதீங்க."

கவலைப்படாமல்தான் வீட்டுக்கு வந்தேன்.

அரையாண்டுத் தேர்வில் மணி அடித்ததும் எல்லாரோடும் சேர்த்து இவன் தாளையும் வாங்கிவிட்டார்கள். போய்க் கேட்டேன். மேற்பார்வைக்கு வேறு டீச்சர் வந்திருந்தாராம், அவருக்குத் தெரியாதாம். "அடுத்த தடவை பார்த்துக்கலாம்மா." அடுத்த வருடம் டீச்சர் மாறினார். அவருக்கு முதலிலிருந்து சொன்னேன். அவரும் தலையாட்டினார். அதற்கடுத்த வருடமும் அப்படியே. கரும்பலகையில் இருப்பதை எழுதி முடிக்கவில்லை என்று இவனை இடைவேளைக்கு விடாமல் உட்காரவைத்தார்கள். சான்றின் நகலோ அலுவலகப் பீரோவில் ஒரு கோப்புக்குள் பத்திரமாக இருந்தது.

யாருமே 'முடியாது' என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? சொல்லியிருந்தால் எனக்குப் பிழைப்பு சுலபம். முடியாது என்பவர்மேல் மேலிடத்தில் முறையிடலாம். 'பார்த்துக்கலாம்' என்பவர்மேல் என்னவென்று எழுதுவது?

ஆசிரியர்களைத் திட்டுவதற்காக நான் வரவில்லை. ஒரு வகுப்பில் நாற்பதுக்கு மேல் பிள்ளைகள். அதற்கு மேல் பிள்ளைகளின் விவரங்களை எமிஸ் என்ற அரசு இணையதளத்தில் பதிவேற்றும் வேலை. சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கென்று பயிற்சி பெற்ற சிறப்பாசிரியர் இருந்தால் பாரம் குறையும்தான். தொடக்க வகுப்பில் இப்படிப்பட்ட பிள்ளைகள் பத்துப் பேருக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் சொல்லியிருக்கிறது. எங்கள் பக்கம் ஒருவரே பல பள்ளிகளுக்குப் பஸ் ஏறிப் போகிறார். எங்கள் டீச்சர் மனதார ஒத்துக்கொண்டதும் உண்மை, மாலைக்குள் மறந்ததும் உண்மை. வாயால் ஒத்துக்கொண்டது அவரோடு போய்விடும், அடுத்த வகுப்பறைக்குக்கூட வராது.

பெரிய தேர்வுகளிலும் இதே கதைதான். 2021-இல் நீட் எழுதிய ஒரு மாணவி. எழுதுவதில் குறைபாடு இருந்ததால் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பெற உரிமையுள்ளவர். மையத்தில் அந்த நேரத்தைக் கொடுக்காமல் விடைத்தாளை வாங்கிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அவருக்கு இழைக்கப்பட்டது அநீதி என்று நவம்பரில் தீர்ப்பு வந்தது. மறுதேர்வு மட்டும் கிடைக்கவில்லை. விதி காகிதத்தில் இருந்தது, அந்த அறையில் இருந்தவர்களிடம் போய்ச் சேரவில்லை. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமில்லை.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், சிரிக்காதீர்கள். பதிவுத் தபாலை இப்போது ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். அப்போது தனியாக இருந்தது. அதோடு அக்னாலெட்ஜ்மென்ட் கார்டு கேட்பவர்கள் தினமும் வருவார்கள். "போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி வேணும்ல?" என்று நானே அவர்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். என் பிள்ளை விஷயத்தில் அந்தப் புத்தி வர மூன்று வருடம் ஆனது.

இந்த ஜூன் மாதம் ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். குழந்தையின் வரலாறு, என் கண்ணீர் எதுவும் இல்லை. எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம், பாடத்தைக் கரும்பலகையிலிருந்து எழுதச் சொல்வதற்குப் பதில் தாளில் கொடுங்கள், முதல் பருவத்திலிருந்தே தேர்வில் கூடுதல் நேரம் கொடுங்கள், அன்று மேற்பார்வைக்கு வருகிறவரிடம் இதைச் சொல்லப்போகிறவர் யார் என்று எழுதித் தாருங்கள். அந்தக் கடைசி வரிதான் முக்கியம். சட்டப்பிரிவு இரண்டையும் குறித்து, சான்றின் நகலை இணைத்தேன். இரண்டு பிரதி. ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து, இன்னொன்றில் தேதியோடு முத்திரை கேட்டேன். கிளார்க் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். "எதுக்கும்மா இதெல்லாம், சாரிடம் சொன்னாப் போதாதா?" என்றார். "சொல்லியாச்சு சார், மூணு வருஷம்" என்றேன். முத்திரை விழுந்தது.

பதில் வரவில்லை என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு அதே நகலை அனுப்புவதாக இருந்தேன். உறையில் முகவரிகூட எழுதி வைத்துவிட்டேன். பத்தாம் நாள் பள்ளியிலிருந்து கூப்பிட்டு, ஒரு டீச்சர் பெயரை எழுதிக் கொடுத்தார்கள். அந்த உறை இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது, கிழிக்க மனமில்லை.

போன மாதம் முதல் பருவத் தேர்வு. மணி அடித்த பிறகும் அவன் உட்கார்ந்து எழுதியிருக்கிறான். தாளை முழுதாக முடித்தது அன்றுதான் முதல் தடவை என்றான். நல்ல செய்தி. ஆனால் அவன் வெளியே வரும்போது பள்ளி வேன் போய்விட்டது. எனக்குப் போன் வந்து, அனுமதி வாங்கிக்கொண்டு ஓடி, இரண்டு பஸ் மாறி அவனை வீட்டுக்கு அழைத்துவரும்போது இருட்டிவிட்டது.

வேனுக்காக இனி ஒரு கடிதம் எழுத வேண்டும். அதற்கும் இரண்டு பிரதிதான்.

வணக்கம்.