ஓராண்டு வீடியோ கேம்: வரவா, செலவா? வரவே!

நடுவர் அவர்களே, எதிரணிப் பெருமக்களே, பெரியோர்களே, தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் ஓரத்தில் நிற்கும் தம்பிகளே, வணக்கம். எனக்குக் கொடுத்த நேரம் குறைவு, அதனால் வணக்கத்தை இத்தோடு முடித்துக்கொள்கிறேன்.

‘வீடியோ கேம் ஆடிக் கழித்த ஓராண்டைத் திரும்பிப் பார்த்தால் மிஞ்சுவது வரவா, செலவா?’ இதுதான் தலைப்பு. நாங்கள் வரவு அணி. எதிரணியில் முதலில் பேசிய தம்பி, “புதுசு புதுசாக வாங்கிக் குவிக்கிறார்கள், ஒன்றையும் முடிப்பதில்லை” என்றார். தம்பி, கணினி கேம் விற்கும் இணையக் கடை ஸ்டீம், அது வெளியிட்ட 2024ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். மக்கள் ஆடிய நேரத்தில் 15 சதவீதம்தான் அந்த வருஷம் வந்த கேம்களுக்குப் போயிருக்கிறது. மீதி எல்லாம் பழசு! பழசை மறக்காத கூட்டம் ஐயா இது. (வாங்கியது வேறு, ஆடியது வேறு என்று கீழே இருந்து என் மனைவி சைகை காட்டுகிறார். அதை நடுவர் பார்க்க வேண்டாம்.)

மனைவி என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த ஸ்டீம் இருக்கிறதே, வருஷக் கடைசியில் ஓர் அறிக்கை கொடுக்கும். இந்த ஆண்டு என்னென்ன ஆடினாய், எதில் எவ்வளவு நேரம், எந்த மாதம் அதிகம் என்று பட்டை பட்டையாகப் படம் போட்டுக் காட்டும். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்களில் ஒருவருக்காவது கல்யாணம் ஆகியிருக்குமா என்பது என் சந்தேகம்.

எங்கள் வீட்டில் ஒரே கணினி, ஒரே கணக்கு. ஒரு நாள் மனைவி திறக்கிறார், அறிக்கை நிற்கிறது. மொத்த நேரத்தில் முக்கால்வாசி ஒரே கேம். அதுவும் என்ன? விவசாய கேம். ஸ்டார்டியூ வேலி! ஒரு தனி மனிதர், எரிக் பரோன், நாலு வருஷத்துக்கு மேல் ஒற்றை ஆளாக உட்கார்ந்து செய்து 2016இல் வெளியிட்ட கேம். விதைக்கலாம், தண்ணீர் ஊற்றலாம், மாடு வளர்க்கலாம். மனைவி என்னைப் பார்த்தார். “மாடியில இருக்கிற ஒரு தொட்டிச் செடிக்குத் தண்ணி ஊத்தத் தெரியாது. இங்க ஏக்கர் கணக்குல பயிர் பண்றீங்களா?”

“நான் இல்லை” என்றேன். எந்தக் கணவன் சொல்லி எந்த மனைவி நம்பியிருக்கிறார்? அப்போதுதான் மாதக் கணக்கு என் கண்ணில் பட்டது. எல்லா மாதத்தையும் தாண்டி ஒரு மாதம் மட்டும் பட்டை கூரையைத் தொடுகிறது. அது நான் வேலையாக வெளியூரில் இருந்த மாதம். வந்தது பார் சாட்சி என்று துள்ளிக் குதித்தேன். “நான்தான் அந்த மாசம் ஊர்லயே இல்லையே!”

மனைவி ஒரு நிமிஷம் யோசித்தார். “அப்போ அந்த மாசம் நீங்க வெளியூருக்குப் போகவே இல்லையா?”

நடுவர் அவர்களே, நிரபராதி என்று நிரூபிக்கப் போய் இரண்டாவது வழக்கிலும் மாட்டிய முதல் மனிதன் நான்தான்.

அந்த நேரத்தில் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒரு இருமல். என் மாமனார். தினமும் காலையில் என்னை உட்கார வைத்து, “மாப்பிள்ளை, கேம் ஆடுறது நேரத்தைக் கொல்ற வேலை” என்று பாடம் எடுக்கும் அதே மாமனார். தாளை இறக்காமலே சொன்னார். “அந்த மாசம் அறுவடை, மாப்பிள்ளை.”

அறுவடையாம்! “அதுல ஒரு பருவத்துக்கு 28 நாள்தான். பருவம் மாறினா நின்ன பயிர் பெரும்பாலும் கருகிப் போயிடும். விட்டுட்டுத் தூங்க முடியுமா?” என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். அந்த கேமுக்குள் இரவு 2 மணி ஆகிவிட்டால் ஆள் அப்படியே மயங்கி விழுந்துவிடுவான். உள்ளே அவன் விழுவதும் வெளியே இவர் நாற்காலியில் சாய்வதும் ஒரே நேரத்தில் நடந்திருக்கிறது.

சரி, இத்தோடு முடிந்ததா? இல்லை. சமையலறையிலிருந்து அத்தை வந்தார். திரையைப் பார்த்தார். “இது யாரு?” என்றார். கேமில் ஊர்க்காரர்களுக்குப் பரிசு கொடுத்துப் பழகலாம், ஒருவருக்கு வாரத்துக்கு 2 பரிசு வரை. மாமனார் ஒரு பெண்மணிக்கு, ஒரு வாரம் தவறாமல், இரண்டு இரண்டாகக் கொடுத்திருக்கிறார். அத்தை மெதுவாகத்தான் கேட்டார். “எனக்கு வருஷத்துக்கு ஒண்ணு கிடையாது. இவளுக்கு வாரத்துக்கு ரெண்டா?” மாமனார் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “அவளோட பிறந்த நாள் வேற வருது” என்றார்!

எனக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் நான் நிம்மதியாக உட்கார்ந்தது அன்றைக்குத்தான். என்னை மறந்தே போனார்கள்.

அப்புறம் என்ன ஆயிற்று தெரியுமா? அந்தப் பண்ணையில் இரண்டு பேர் சேர்ந்தும் ஆடலாம். கணவரைக் கண்காணிப்பதற்காக அத்தை உள்ளே போனார். போனவர் திரும்பவில்லை. இப்போது அவர் கோழியைப் பார்த்துக்கொள்கிறார், இவர் தண்ணீர் ஊற்றுகிறார், பரிசு எல்லாம் வீட்டுக்குள்ளேயே வருகிறது. இது வரவா, செலவா? நீங்களே சொல்லுங்கள்!

கைதட்டலுக்கு நன்றி. இப்போது எதிரணி அம்மையாருக்கு வருகிறேன். அவர் என்ன சொன்னார்? “வருஷம் முழுக்க ஆடியவன் கையில் கடைசியில் மிஞ்சுவது கட்டைவிரல் வலி ஒன்றுதான்.” அரங்கம் அதிர்ந்தது, நானும்தான் கைதட்டினேன். ஆனால் அம்மா, கட்டைவிரலை அவ்வளவு லேசாகச் சொல்லலாமா? துரோணர் ஏகலைவனிடம் சுண்டு விரலையா கேட்டார்? வில்வித்தை மொத்தமும் எங்கே இருக்கிறது என்று தெரிந்த மனிதர், பார்த்துப் பார்த்துக் கட்டைவிரலைக் கேட்டார். எங்கள் வித்தையும் அங்கேதான் இருக்கிறது!

அந்த வலி பொய் என்று நான் சொல்லவில்லை. அதற்கு மருத்துவத்தில் பெயரே உண்டு, நிண்டென்டினைட்டிஸ். 1990இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார்கள். ஆனால் அம்மா, அந்த நோயாளி யார் தெரியுமா? உருப்படாத பையன் இல்லை. 35 வயதுப் பெண்மணி! 5 மணி நேரம் எழுந்திருக்காமல் ஆடியிருக்கிறார். இதற்கு மேல் இந்த விஷயத்தில் நான் ஏதும் சொல்வதாக இல்லை, வீட்டுக்குப் போக வேண்டும்.

இன்னொரு கட்டைவிரல் சொல்கிறேன். வயிற்றைக் கிழிக்காமல் சிறு துளை போட்டு, திரையைப் பார்த்துக்கொண்டே செய்கிறார்களே அறுவை சிகிச்சை, அதைச் செய்யும் மருத்துவர்கள் 33 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. வாரத்துக்கு 3 மணி நேரத்துக்கு மேல் வீடியோ கேம் ஆடிய பழக்கம் உள்ளவர்கள், பயிற்சித் தேர்வில் கேமே ஆடாதவர்களைவிட 37 சதவீதம் குறைவாகத் தவறு செய்தார்கள். 27 சதவீதம் வேகமாகவும் முடித்தார்கள். கேம் ஆடியதால் கை தேர்ந்ததா, கை தேர்ந்தவர்கள் கேம் ஆடப் போனார்களா என்று எதிரணி கேட்கும். நல்ல கேள்வி. எனக்கு நேரமில்லை.

“உலக சுகாதார நிறுவனமே நோய் என்று சொல்லிவிட்டதே” என்றார்கள். சொன்னது உண்மை. யாருக்கு? கட்டுப்பாடு கைவிட்டுப் போய், மற்ற எல்லாவற்றையும் கேம் பின்னுக்குத் தள்ளி, கெடுதல் வருகிறது என்று தெரிந்தும் நிறுத்த முடியாமல், சாதாரணமாக 12 மாதமாவது அப்படியே கிடப்பவருக்கு. அவருக்கு வேண்டியது மருத்துவர், பட்டிமன்றம் இல்லை.

நடுவர் மணியைத் தொடுகிறார். ஐயா, ஒரே ஒரு ஆளைப் பற்றிச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

நார்வே நாட்டில் மாட்ஸ் ஸ்டீன் என்று ஒரு பையன். தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் டுஷேன் நோய். ஓடிய கால் நின்றது, சக்கர நாற்காலி வந்தது, கடைசிக் காலத்தில் விரல்களைக் கொஞ்சம் அசைக்க முடிந்தது, அவ்வளவுதான். அம்மா, அந்த விரல்களால் அவன் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடினான், பல நாட்டுக்காரர்கள் இணையத்தில் சேர்ந்து ஆடும் கேம். பெற்றவர்கள் மனதுக்குள் வருந்தினார்கள். நம் பிள்ளைக்கு ஒரு நண்பன் இல்லையே, யார் வாழ்க்கையிலும் இவன் ஒரு பொருட்டாக இல்லையே என்று.

2014இல், 25 வயதில், அவன் போய்விட்டான். அவன் எழுதிவந்த வலைப்பதிவில் அப்பா ஒரு பதிவு போட்டார், மகன் இறந்துவிட்டான் என்று. கீழே தன் மின்னஞ்சல் முகவரியையும் போட்டார். யார் எழுதப் போகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார். கடிதங்கள் வந்தன ஐயா. ஒன்றன் பின் ஒன்றாக, பல நாடுகளிலிருந்து. கேமுக்குள் இபெலின் என்ற பெயரில் அவனை அவர்கள் வருஷக்கணக்காக அறிந்திருந்தார்கள். நெதர்லாந்தில் அவனோடு ஆடிய ஒரு சிறு பெண்ணிடமிருந்து கணினியைப் பெற்றோர் பறித்துவிட்டார்கள். இவன் என்ன செய்தான்? அந்தப் பெற்றோருக்கே கடிதம் எழுதினான், அவளைப் புரிந்துகொள்ளுங்கள் என்று. இன்றைக்கு எதிரணியிடம் நான் பேசுவதை, நடக்க முடியாத அந்தப் பையன் என்னைவிட நன்றாக அன்றைக்கே பேசிவிட்டான்.

அடக்கத்துக்கு வந்தார்கள். அவன் முகத்தை நேரில் பார்த்திராதவர்கள், எல்லை தாண்டி வந்து சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார்கள். என் பிள்ளைக்கு யாருமில்லை என்று நினைத்த அந்த அப்பா அன்றைக்கு யாரைப் பார்த்து அழுதிருப்பார்?

அவன் ஆடிய வருஷங்களைச் செலவுக் கணக்கில் எழுத எனக்குக் கை வரவில்லை, உங்களுக்கும் வராது. மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, உட்கார்ந்துவிடுகிறேன். தீர்ப்பை எங்கள் பக்கம் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.